கபாலத்தில் காற்று

மண்டையில் ஒன்றுமில்லை என்று ஒருவனை வைகிறோம். மண்டைக்குள் வெறும் காற்று என்றும் சொல்வதுண்டு. இரண்டும் வசவுதான். வைகிறவனோ வாங்கிக்கொள்கிறவனோ அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வது கிடையாது. ஆனால் இரண்டாவது வசவுக்கு வைத்திய சாஸ்திரத்தில் ஸ்தூலமான ஓர் அர்த்தம் இருக்கிறது. நியூமோசெபாலஸ் என்று பெயர். காற்று, தலை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி உண்டாக்கியது. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளுக்கு அடியிலோ, மூளையின் அறைகளுக்குள்ளோ, அபூர்வமாக மூளையின் சதைக்குள்ளேயோ காற்று போய்த் தங்கிவிடுவது. பெரும்பாலும் மண்டையில் அடிபட்டவர்களுக்கு வருகிறது. 1967-ல் மார்க்கம் என்பவர் 295 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது முக்கால் பங்குப் பேர் அடிபட்டவர்களாக இருந்தார்கள். கிருமிகளால் வந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் போல. இந்த ஒன்பதில் காதுக்குத்தான் முக்கிய ஸ்தானம். வருஷக் கணக்கில் சீழ் வடிந்துகொண்டிருந்த காது.

நான் வைத்தியன் இல்லை. எனக்கு இதில் அக்கறை உண்டானதற்குக் காரணம் இந்த நோயாளிகளில் சிலர் சொல்கிற ஒரு வாக்கியம். தலையைத் திருப்பினால், குனிந்தால், உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கிறது என்கிறார்கள். இதை நம் வீட்டில் ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு மனிதன் தன் உள்ளே நேர்வதாகச் சொல்லும் வார்த்தையை, வேறு யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தைப் பற்றிய வார்த்தையை, நாம் எந்தத் தளத்தில் வைத்து எடுத்துக்கொள்வது? இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட கேள்வி என்று எனக்குப் படுகிறது. அறிவு சம்பந்தப்பட்டது போலத் தோற்றம் காட்டும், அவ்வளவே.

சாதாரணமாகத் தலைக்குள் சத்தம் வராது. நிறைகுடம் தளும்பாது. பழமொழி இங்கே அப்படியே உடற்கூறு ஆகிவிடுகிறது. மண்டையோடு ஒரு மூடிய கலம். அதனுள் மூளை, ரத்தம், தெளிந்த நீர் மூன்றும் இடைவெளி இல்லாமல் நிரம்பியிருக்கின்றன, ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும். இந்த எண்ணத்துக்கு எடின்பரோவின் மன்றோ 1783-லும் அவர் மாணவர் கெல்லி 1824-லும் அடிகோலினார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான மூளை அந்த நீரில் மிதக்கிறபடியால் ஐம்பது கிராம் போலத்தான் கனக்கிறது. நீருக்கு மேற்பரப்பு என்று ஒன்று கிடையாது. காற்று நுழைந்துவிட்டால் மேற்பரப்பு உண்டாகிவிடுகிறது. மேற்பரப்பு உண்டானால் அலை உண்டு, சத்தம் உண்டு.

தலையில் காற்று இருப்பதே விபரீதம் என்று இதற்கு அர்த்தமில்லை. நடுக்காதின் அறையில் காற்று இருந்தே ஆகவேண்டும். கருவில் அங்கே திரவம்தான். பிறந்து மூச்சிழுத்து அழுத பிறகு, மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழல் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. காதுக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்புக்குள் தேனடை மாதிரிக் காற்றறைகள் இளம்பிராயம் முழுக்க வளர்கின்றன. இந்த அறைகளுக்கும் மூளைக்கும் நடுவே கூரையாக ஒரு எலும்புத் தகடு. பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி கசியும். தாயின் வயிற்றிலிருந்து வந்ததும் உள்ளே அனுமதிக்கப்பட்ட காற்றுக்கும், ஒருபோதும் அனுமதிக்கக் கூடாத இடத்துக்கும் இடையில் இவ்வளவுதான் சுவர்.

இந்தச் சுவரை அரிப்பது, பல சமயங்களில், இடம் தப்பி வளர்ந்த தோல். வெளிக்காதின் தோல் செவிப்பறையின் கிழிசல் வழியாகவோ, செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு உண்டான பையிலோ நடுக்காதுக்குள் போய் அடுக்கடுக்காக உதிர்ந்து உருண்டையாகிறது. அது எலும்பைத் தின்கிறது. துர்நாற்றத்தோடு கொஞ்சம் சீழ், கொஞ்சம் மந்தமான காது. அனேகமாக வலியில்லை. வலி இருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

ஓட்டை விழுந்தபின் காற்று நுழைய இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி: இருமும்போதும் தும்மும்போதும் மூக்கைச் சிந்தும்போதும் காற்று அழுத்தத்தோடு காதுக்குள் ஏறி ஓட்டை வழியாகப் போகிறது, போனதும் சவ்வோ மூளையோ வாயை அடைத்துக்கொள்கிறது, திரும்ப வழியில்லை. மற்றது கவிழ்த்த புட்டி: உள்ளே இருக்கும் நீர் காது வழியாகவோ மூக்கு வழியாகவோ ஒழுக, ஒழுகிய அளவுக்குக் காற்று குமிழி குமிழியாக ஏறுகிறது. முதல் வழியில் அழுத்தம் கூடிக்கொண்டே போனால் மூளையின் முன்மடல்கள் இரண்டும் நெருக்குண்டு பிரிந்து, படத்தில் இரட்டை முகடு மாதிரித் தெரியும். ஜப்பானிய மருத்துவர்கள் 1988-ல் இதற்கு ஃபூஜி மலை அடையாளம் என்று பெயர் வைத்தார்கள். சாகக்கிடக்கிற மனிதனின் மூளையில் தங்கள் தேசத்து மலையைக் கண்டவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

இனி, நான் இதைப் பற்றி யோசிக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். (தென்காசிப் பக்கத்திலும் ஒரு ஆலங்குளம் இருக்கிறது, அதல்ல.) 1970-ல் சிமெண்ட் ஆலை வந்த ஊர். சுண்ணாம்புக் கல்லுக்கு வேட்டு வைத்த ஊர். சுற்றிலும், வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் என்று எந்தத் திசையில் போனாலும் பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்லும் பாஷை எங்களுடையது. அதே பாஷையில் வெடிக்கிற பொடிக்குப் பெயர் மருந்து. மருந்து கலக்கிறது, மருந்து செலுத்துகிறது, மருந்து அறை. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்துதான். இதில் யாரும் முரண்பாடு எதையும் காண்பதில்லை. நாலு நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்தால்தான் காதில் உறைக்கும்.

நான் சிறுவனாக இருந்தபோது காதில் பஞ்சு வைத்த பிள்ளை என்பது தெருவில் சாதாரணக் காட்சி. நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி ஊற்றுவார்கள். கோழி இறகை விட்டுத் துடைப்பார்கள். அதற்கும் மேலே தீக்குச்சி. 1922-ல் அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு மறு வருஷம் சிவகாசிக்குத் திரும்பியபோது, தங்கள் குச்சிகள் பற்றவைப்பதற்கு ஈடாகக் காது குடையவும் உபயோகப்படும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் எனக்கு மதினி முறை ஆகிற ஒருத்தி இருந்தாள். பயர் ஆபீசில் திரி வேலை. இடது காதில் சீழ் வடிகிறவள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியது கிடையாது, ஒருவருடைய நிறத்தைப் பற்றிப் பேசாதது மாதிரி. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாள்: "குனிஞ்சா தலைக்குள்ள சளக்குங்குது. காத்துப் புகுந்துருச்சு போல."

அவள் மாமியாருக்குக் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். காத்து. நம் ஜனங்களுக்குக் காத்து என்றால் வெறும் காத்து மட்டுமில்லை, காத்துக் கருப்பு. புளியமரத்தடியில், சுடுகாட்டுப் பாதையில், உச்சிப்பொழுதில் அடிக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்து, "நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தே" என்று கேட்டார். கேள்விகள் நல்ல கேள்விகள். ஆனால் அவை மதினியை நோக்கி வரவில்லை, அவளுக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட இன்னொருத்தியை நோக்கி வந்தன. அந்த இன்னொருத்தியாக இருந்து பதில் சொன்னால்தான் உடுக்கை நிற்கும். மூன்றாவது செவ்வாயன்று மதினி ஒரு பெயரைச் சொன்னாள். செத்துப்போன யாரோ ஒருத்தியின் பெயர். கோழி அறுத்தார்கள். அதற்குப் பிறகு சளக் சத்தத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. குணமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பேச்சு நின்றது தெரியும். சத்தம் நின்றதா என்று யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு இருந்தது இந்த நோய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நடுக்காதில் தேங்கிய சீழே அப்படிச் சத்தம் போட்டிருக்கக் கூடும். என் விசாரணை அதைப் பற்றியதல்ல. "எந்தக் காது?" என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை என்பதைப் பற்றியது. மூன்று வாரத்தில் எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்ட வீடு அது.

கோடாங்கியை மட்டும் பழிப்பது சுலபம். அது எனக்கு நியாயமாகவும் படவில்லை. காற்று என்றதைக் காற்று என்றே எடுத்துக்கொண்டவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய மரபு இருக்கிறது. சித்த வைத்தியம் உடம்புக்குள் பத்து வாயுக்களைச் சொல்கிறது. பிராணன் முதலானவை உயிரோடு போய்விடும். பத்தாவதான தனஞ்செயன் மட்டும் பிணத்தில் தங்கி, அதை வீங்க வைத்து, மூன்றாம் நாள் கபாலத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும் என்பார்கள். யோகிக்கு உச்சி வழியாகப் பிராணன் போவது கபால மோட்சம். ஆக நம்முடைய கற்பனையில் மண்டையோட்டுக்கும் காற்றுக்கும் உள்ள சம்பந்தம் எப்போதும் வெளியேறுகிற சம்பந்தம். உள்ளே புகுந்துவிட்ட காற்றுக்கு நம் தத்துவத்தில் இடமில்லை, அதனால் அது பேயாக வேண்டியிருக்கிறது. குடம் உடைந்தால் குடத்துக்குள் இருந்த ஆகாசம் வெளி ஆகாசத்தோடு கலந்துவிடும் என்று வேதாந்திகள் சொல்கிற உவமானமும் இங்கே உதவாது. ஆகாசத்துக்கு எடை கிடையாது, அழுத்தம் கிடையாது. குடம் உடைந்தால் விடுதலை என்று சொன்னவர்கள் ஒரு மில்லிமீட்டர் விரிசலைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மேற்கில் நடந்தது வேறு மாதிரி. 1913-ல் நியூயார்க்கில் லக்கெட் என்ற மருத்துவர், மண்டை உடைந்த ஒருவரின் எக்ஸ்ரே படத்தில் மூளையின் அறைகளில் காற்று நிரம்பியிருப்பதைக் கண்டு எழுதினார். படத்தில் மூளையும் நீரும் ஒரே சாம்பல். காற்று மட்டும் கருப்பாகத் தெரியும். ஐந்து வருஷம் கழித்து, 1918-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டாண்டி நீரை எடுத்துவிட்டு வேண்டுமென்றே காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். மறு வருஷம் முதுகுத்தண்டு வழியாகவே செலுத்தினார். கட்டிகள் எங்கே இருக்கின்றன என்று படத்தில் தெரிந்தது. தலைவலியும் வாந்தியும் பொறுக்க முடியாதபடி இருக்கும். காற்று கரைகிறவரை நோயாளி அனுபவித்தாக வேண்டும். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் எடுக்கப்படும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் இது ஒரு முக்கிய வழி. உள்ளே இருப்பதைப் பார்க்க உள்ளே காற்றை விடு. நோயாக வந்தது விளக்காகிவிட்டது. இதில் ஒரு குரூரமும் இருக்கிறது, பெரிய புத்தியும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் இதோடு கூடவே ஒரு பழக்கமும் வந்து சேர்ந்தது. நோயாளியின் சொல்லுக்குச் சாட்சி படம். படம் பேசிவிட்டால் நோயாளி பேச வேண்டியதில்லை. படத்தில் இல்லாவிட்டால்? "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்கிறார்கள். மண்டையில் ஒன்றுமில்லை என்ற பழைய வசவு கௌரவமான உடுப்பில் திரும்பி வந்துவிடுகிறது. தலைக்குள் தளும்புகிறது என்றவன் அதிர்ஷ்டசாலி. அவன் வாக்கியம் சொல்லுக்குச் சொல் நிஜம் என்று கருப்பு நிறத்தில் நிரூபிக்க முடிகிறது. சிலருடைய தலையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மருத்துவரே அந்தச் சத்தத்தைக் கேட்டதுண்டு. தாம் ஒருவர் மட்டுமே கேட்கும் இரைச்சலோடு இருபது வருஷம் இருப்பவர்களுக்கு எந்தப் படமும் வராது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை. வெடியின் அழுத்தம் வரும்போது உடம்பில் முதலில் தோற்பது செவிப்பறை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர்களை எண்ணினார்கள், தீக்காயம் பட்டவர்களை எண்ணினார்கள். காதை எண்ணுகிற வழக்கம் எந்த விபத்திலும் இல்லை. 1999-ல் வந்த விதி, வெடிக்கிற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நான்கு மீட்டரில் நிற்பது வேடிக்கை பார்க்கிறவனின் காது. மருந்து செலுத்துகிறவளின் காது எத்தனை மீட்டரில் இருக்கிறது?

விட்கென்ஸ்டைன் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசினார். ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி. அதற்குள் இருப்பதை ஒவ்வொருவரும் வண்டு என்று சொல்கிறார்கள். அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் பார்க்க முடியாது. அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்பதே அந்தச் சொல்லின் உபயோகத்துக்குச் சம்பந்தமில்லாமல் போய்விடும் என்பது அவர் தர்க்கம். 1953-ல், அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, புத்தகமாக வந்தது. எங்கள் ஊரில் வண்டு பெட்டிக்குள் புகுவதில்லை, காதுக்குள் புகும். ராத்திரி திண்ணையில் படுத்திருப்பவன் அலறிக்கொண்டு எழுந்திருப்பான். யாரும் அவன் சொல்லின் இலக்கணத்தை ஆராய மாட்டார்கள். தலையைச் சாய்த்துப் பிடித்து உப்புத் தண்ணீரை ஊற்றுவார்கள். நம்பிக்கை முன்னால் வந்துவிடுகிறது, வண்டு பின்னால் வெளியே வருகிறது. வண்டுக்குக் கிடைத்த இந்த நம்பிக்கை காற்றுக்கு ஏன் கிடைக்கவில்லை? அலறாததாலா? வலியில்லாமல் தயக்கத்தோடு, 'போல' என்று முடித்துச் சொன்னதாலா? பெண்ணாக இருந்ததாலும் இருக்கலாம்.

இதைப் படிக்கப் போகிற சில நூறு பேரில் பாதிப்பேர் கவிதை எழுதுகிறவர்கள். ஆகவே நமக்கும் இதில் பங்கு உண்டு. "தலைக்குள் சளக்கென்கிறது, காற்று புகுந்துவிட்டது போல" - இந்த வரியை மதினி நம் முன் சொல்லியிருந்தால் நமக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்ன படிமம் என்று சிலிர்த்திருப்போம். வெறுமை, சூன்யம், உள்ளீடற்ற இருப்பு என்று அதைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்போம். புதுக்கவிதையில் வெறுமைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அதைச் சொன்னவர்களில் எவருக்கும் குனிந்தால் சத்தம் கேட்டதாகத் தெரியவில்லை. மாமியார் ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டாள், கோடாங்கி அதற்கு ஒரு சொந்தக்காரியைக் கண்டுபிடித்தார். நாம் அதைப் பிரசுரித்திருப்போம். மூன்று காரியத்திலும் வாக்கியம் அதைச் சொன்னவளிடமிருந்து பிடுங்கப்படுகிறது.

கவிதை ஆஸ்பத்திரி இல்லை என்று ஆட்சேபம் வரும். வாஸ்தவம். கவிஞன் அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரிசைக் கிரமத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். ஒரு சொல் உருவகம் ஆவதற்கு முன் அதற்கு ஒரு நேரடி உயிர் இருக்கிறது. அதை ஒரு தடவையாவது விசாரிக்காமல் உருவகத்துக்குத் தாவுகிறவன் திருட்டுப் பொருளில் வியாபாரம் செய்கிறான். எந்தக் காது, எப்போதிலிருந்து, குனிந்தாலா திரும்பினாலா, மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறதா - ஒரு நல்ல மருத்துவர் கேட்கும் இந்தக் கேள்விகளில் கவித்துவம் ஒன்றுமில்லை. ஆனால் எதிரே இருப்பவள் தன் வாக்கியத்துக்குள்ளேயே இருந்துகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. வேறு யாராகவும் மாற வேண்டியதில்லை.

தமிழில் கேட்பது என்பதற்குச் செவியால் கேட்பதும் வினவுவதும் ஒரே சொல். குறளில் கேள்வி என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அங்கே அதற்குச் செவியால் கற்பது என்று பொருள். பழந்தமிழில் கேள் என்றால் உறவுக்காரன் என்றும் அர்த்தம் உண்டு. அகராதிக்காரர்கள் இவற்றை ஒரே வேர் என்பார்களோ தனித்தனி என்பார்களோ, நான் அதற்குள் போகவில்லை. வினவாத செவி பாதிச் செவி என்று இந்த மொழியைப் பேசியவர்களுக்கு எப்போதோ பட்டிருக்கிறது. கோடாங்கி வினவினார், அவள் சொன்னது அவர் செவியில் ஏறவில்லை. ஸ்கேன் எடுப்பவர் இரண்டையும் செய்ய வேண்டியதில்லை.

இந்த நோய்க்கு வைத்தியம் உண்டு. காது வழியாக வந்ததானால் பெரும்பாலும் ஓட்டையை அடைத்தாக வேண்டும். காதுக்கு மேலே இருக்கும் தசையின் உறையையும் எலும்புத் துண்டையும் வைத்து அடைக்கிறார்கள். கூடவே சில கட்டளைகள். மூக்கைச் சிந்தக் கூடாது. விமானத்தில் போகக் கூடாது. தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும். குழந்தை தும்மினால் நூறு என்கிறோம் நாம். ஒரு தும்மல் இவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துதான் அந்தப் பழக்கம் வந்ததோ என்று ஒரு கணம் தோன்றும், அப்படியெல்லாம் இருக்காது.

கொஞ்சமாகப் புகுந்த காற்று தானாகவே கரையும். சீக்கிரம் கரையட்டும் என்று முகத்தில் மாஸ்க் வைத்துப் பிராணவாயு கொடுக்கிறார்கள். மண்டைக்குள் மாட்டிக்கொண்டதில் பெரும்பகுதி நைட்ரஜன். ரத்தத்தில் நைட்ரஜன் குறையக் குறைய, உள்ளே இருப்பது ரத்தத்துக்குள் இறங்கி, நுரையீரலுக்கு வந்து, மூச்சோடு வெளியே போய்விடுகிறது. சத்தம் எதுவும் கேட்காது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மாமியாரோ மகளோ அதே அறையின் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.